நாச்சிமுத்து மாதிரியே ஒருவர்

வேலாத்தாள் ஸ்பின்னிங் மில்லில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள், அத்தனை பேரும் இரண்டு இடத்தில் இருந்தார்கள்: ஒன்று, பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வெக்கைக் காட்டில், இன்னொன்று, ஐ.டி. செக்‌ஷனின் ஏ.சி. அறையில் இராப்பகலாக முனகிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் டைரக்டரியில். காட்டில் இருப்பது பெரிதல்ல. டைரக்டரியில் பெயர் இருந்தால்தான் கேட் திறக்கும், கம்ப்யூட்டர் திறக்கும், பஞ்சு குடோன் திறக்கும், கேண்டீனில் தட்டில் சோறு விழும்; பெயர் இல்லாவிட்டால் முதலாளியே வந்து நின்று கத்தினாலும் கம்பிக் கதவு அசையாது. அந்த டைரக்டரியைப் பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக்காத்தவள் வசந்தாமணி. ஆள் சேர்ந்தால் அவர் பெயரில் அதில் ஐடி போடுவாள், ஆள் போனால் அன்று சாயங்காலத்துக்குள் மூடுவாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள், சுடுகாட்டுக்கே போனவர்கள் என்று எத்தனையோ பேரை அவள் மூடியிருக்கிறாள், ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

நடுங்கும்படியான நாள் ஆடி மாதம் வந்தது. அதே மில்லில் பஞ்சு கொள்முதல் அதிகாரியாக இருந்த அவள் புருஷன் நாச்சிமுத்து, ஸ்கூட்டரில் தாராபுரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனார். பதினாறு நாள் வசந்தாமணி வீட்டை விட்டு வரவில்லை. ஐடி மூடத் தெரிந்த வேறு ஆள் மில்லில் இல்லை. இருந்திருந்தாலும் மூடியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் நாச்சிமுத்துவின் ஐடியில் 'சரி' என்று அழுத்தாமல் ஒரு லாரிப் பஞ்சுகூட உள்ளே இறங்காது. அவருடைய பாஸ்வேர்டோ அவர் வாயாலேயே சொல்லி செக்‌ஷன் முழுக்கத் தெரிந்த ரகசியம். காரியம் நடந்த பதினாறு நாளும் செத்தவர் பெயரில் இருபத்தெட்டு லாரி இறங்கியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சும்மாவா சொன்னார்கள்.

பதினேழாம் நாள் வேலைக்கு வந்த வசந்தாமணி முதல் காரியமாக அந்த ஐடியைத்தான் திறந்தாள். மூடு என்ற பொத்தான் சிவப்பாக நின்றது. சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு மூடாமலே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்கு நாச்சிமுத்து வேலைக்கு வந்தார். அட்டையைக் காட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, கம்பிக் கதவு ஒரு சுற்றுச் சுற்றி அவரை உள்ளே விட்டது. வாட்ச்மேன் ராக்கியப்பன் எழுந்து "வணக்கமுங்க" என்றார், பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, பச்சை விளக்கு எரிந்த பிறகு நாம் கேட்க என்ன இருக்கிறது என்று உட்கார்ந்துகொண்டார். நாச்சிமுத்து தன் நாற்காலியில் போய் அமர்ந்து, வாசலில் நின்ற மூன்று லாரிக்கும் 'சரி' அழுத்தினார். செக்‌ஷனில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அடுத்தவன் பாஸ்வேர்டில் வேலை பார்ப்பது எத்தனை பழகினாலும் மனசுக்குள் ஒரு உறுத்தல்தானே.

மில் இதைச் செரித்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். பெர்சனல் மேனேஜர் ஆறுச்சாமி விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்; வராதவனை என்ன செய்வது என்று பதினோரு பக்கம் இருந்தது, வந்தவனை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை, அதனால் வருகைப் பதிவில் டிக் போட்டுவிட்டார். கேண்டீன்காரர் பத்தரை மணிக்கு டீ வைத்தார், அது ஆடை கட்டி ஆறிப்போனது, பன்னிரண்டுக்கு எடுத்துக் கொட்டினார், மறுநாளும் வைத்தார். சென்னையிலிருந்து தணிக்கைக்கு வந்தவர் 'இறந்த பணியாளரின் ஐடி மூடப்பட்டதா' என்ற கட்டத்துக்கு வந்ததும் நாச்சிமுத்துவை நிமிர்ந்து பார்த்தார், நாச்சிமுத்து அவரைப் பார்த்துத் தலையாட்டினார், 'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். மூன்றாம் வாரம் ராக்கியப்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வசந்தாமணியிடம் வந்தார்.

"அம்மிணி, எந்தம்பி பஞ்சு ஒதறுற புளோ ரூம்ல இருந்தானே, அவன் ஐடியக் கொஞ்சம் தொறந்து பாக்கறீங்களா?"

"அது ஏழு வருசத்துக்கு முந்தி மூடுனதுங்கண்ணா. மூடி ஒரு மாசம் போனா தானா அழிஞ்சுடும். அழிஞ்சது அழிஞ்சதுதானுங்க."

"நீங்கதான் மூடுனீங்க, இல்லீங்க?"

"நாந்தானுங்க."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஆனால் வந்தவர் எந்த நாச்சிமுத்து? டைரக்டரிக்கு எது தெரியுமோ அதுதான் அந்த நாச்சிமுத்து. பெயர், பதவி, டோக்கன் நம்பர் 417, மேசை போன் நம்பர், மேலதிகாரி யார், எந்தெந்தக் கதவு திறக்கும், எந்தப் பிரிண்டரில் கலர் வரும், வேலை நேரம் ஒன்பதிலிருந்து ஐந்தரை, அவ்வளவுதான். முகம்கூட ஒன்பது வருஷத்துக்கு முன் டைரக்டரிக்கு எடுத்த போட்டோவிலிருந்த முகம், நரைக்காத மீசையும் நீலச் சட்டையுமாக. வசந்தாமணிக்கு நாற்பத்தொன்று, காதோரம் நரைத்துவிட்டது. முதல் நாள் அவள் அவர் மேசைக்கு ஓடிப்போய் நின்றபோது அவர் மரியாதையாக எழுந்து, "சொல்லுங்க மேடம், பாஸ்வேர்ட் மாத்தணுங்களா?" என்றார். பன்னிரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர். புருஷன் பெண்டாட்டி என்று எழுத டைரக்டரியில் ஒரு கட்டமும் இல்லை, யாரும் அதைக் கேட்டதுமில்லை. அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் போனாள். அவர் அட்டையைக் காட்டி, கம்பிக் கதவுக்குள் காலை வைத்தார், கதவு சுற்றியது, அந்தப் பக்கம் ரோட்டில் யாரும் இல்லை.

ஒரு மாதம் அவள் 'மேடம்' ஆகவே இருந்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு ஐடிக்கும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, ஆயிரத்து இருபத்துநாலு எழுத்து கொள்ளும், யாரும் அதை நிரப்புவதில்லை. அவள் அதில் ஒரு வரி எழுதினாள்: 'மனைவி வசந்தாமணி, ஐ.டி. செக்‌ஷன்.' அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் கோயமுத்தூர் தலைமை ஆபீஸ் சர்வர் எல்லா ஐடியையும் பார்த்துச் சரிசெய்யும், அதுவரை காத்திருந்தாள். சரியாகப் பதினொன்றரைக்கு அவர் ஐ.டி. செக்‌ஷன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "வசந்தாமணி, சாப்டயா?" என்றார். அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள்.

அதன் பிறகு கையை நிறுத்த முடியுமா? 'வசந்தி என்று கூப்பிடுவார்' என்று எழுதினாள். 'கத்தரிக்காய் ஆகாது' என்று எழுதினாள். அமராவதி அணையில் மழையில் மாட்டிக்கொண்டு ஒரே துண்டை இரண்டு பேரும் போர்த்தி நின்றதை, சவரம் செய்யும்போது பாடுவதை, கோபம் வந்தால் பேசாமல் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவதை எழுதினாள். எழுத்து தீர்ந்துபோனதும் ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதினாள். செடியை அழித்தாள், அவர் கோபப்படுவதே நின்றுபோனது. தாராபுரம் ரோட்டைப் பற்றி மட்டும் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. தான் செத்தது தெரியாத மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

மில் பெண்களுக்கு இதில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது, அதைக் கேண்டீனில் ஒரு வாரம் பேசித் தீர்த்தார்கள்: கேட்டுக்கு வெளியே அவள் தாலி அறுத்தவள், கேட்டுக்கு உள்ளே புருஷனோடு இருப்பவள், பொட்டு வைக்கலாமா கூடாதா? உள்ளே வைக்கலாம் என்று முடிவாயிற்று. தினமும் காலையில் வசந்தாமணி செக்யூரிட்டி ரூம் கண்ணாடியில் பார்த்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொள்வாள், சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் முன் அதை எடுத்து அதே கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவாள். ராக்கியப்பன் அந்தக் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

மார்கழியில் பஞ்சு சீசன் வந்தது. நாச்சிமுத்து மேசையில் உட்கார்ந்து 'சரி' அழுத்துவார், ஆனால் குண்டூர், ஆதிலாபாத் என்று போய்ப் பஞ்சைக் கையில் பிய்த்துப் பார்த்து விலை பேச அவரால் கேட்டைத் தாண்ட முடியாதே. உயிரோடு ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்ல, பொள்ளாச்சியிலிருந்து கௌரிசங்கர் என்ற முப்பது வயதுக்காரர் சேர்ந்தார். அந்த மில்லில் ஒரு வழக்கம்: டோக்கன் நம்பரைச் சாகவிட மாட்டார்கள். ஆள் போனால் அவன் நம்பர் அடுத்து வருகிறவனுக்குப் போகும். கௌரிசங்கருக்கு 417 கொடுத்தார்கள். அந்த நம்பர்க்காரர் மேசையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆறுச்சாமிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஆறுச்சாமியின் காகிதத்தில் நாச்சிமுத்து இறந்தவர், வருகைப் பதிவில் மட்டும்தான் இருக்கிறவர்.

புது ஆள் படிவத்தில் 'யாரைப் போல?' என்று ஒரு கட்டம் உண்டு. எந்தக் கதவு திறக்க வேண்டும், எந்தப் பிரிண்டர் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுத யாருக்குப் பொறுமை. 'முருகேசன் போல', 'சாந்தாமணி போல' என்று எழுதிவிடுவார்கள், வசந்தாமணியும் முருகேசனை அப்படியே நகல் எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் மில் பெருகியது. கௌரிசங்கரின் படிவத்தில் 'நாச்சிமுத்து மாதிரியே' என்று எழுதியிருந்தது. வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் நகல் எடுத்தாள், பெயரை மாற்றினாள், போட்டோவை மாற்றினாள், போன் நம்பரை மாற்றினாள். குறிப்பை மறந்துவிட்டாள்.

மத்தியானம் கௌரிசங்கர் டிபன் பாக்ஸோடு அவள் மேசைக்கு வந்து உரிமையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வசந்தி, இதப் பாரு, கத்தரிக்காய வெச்சிருக்காங்க. யாரு கட்டிக் குடுத்தாங்கன்னே தெரியல."

அவர் எழுந்து போனதும் அந்தக் குறிப்பை அழித்தாள். அரை மணியில் அது மறுபடி வந்து நின்றது. மறுபடி அழித்தாள், மறுபடி வந்தது. கோயமுத்தூர் சர்வருக்கு 417 என்றால் ஒரே ஆள். இந்த 417-இல் இல்லாததை அந்த 417-இலிருந்து எடுத்து நிரப்பிவிட்டது. இரண்டிலும் ஒரே நேரத்தில் அழித்தால் என்ன என்று கேட்பீர்கள். அவளும் அதை நினைக்காமல் இல்லை, ஆனால் அதற்குள் கௌரிசங்கரின் போட்டோவில் சட்டை நீலமாகிவிட்டிருந்தது. இன்றைக்குக் குறிப்பும் சட்டையும், நாளைக்கு முகம். உயிருள்ளவர் என்பதால் கம்பிக் கதவும் கௌரிசங்கரைத் தடுக்கவில்லை. சாயங்காலம் அவள் ஏறிய பஸ்ஸில் ஏறி, அவள் இறங்கிய இடத்தில் இறங்கி, அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டதும் எதுவும் சொல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மில் கேட்டில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். ரேணுகா என்று பெயர், கௌரிசங்கரின் மனைவி. டைரக்டரியில் இல்லாததால் கேட் திறக்கவில்லை. வசந்தாமணிதான் வெளியே போனாள். பொட்டை எடுக்க மறந்து போனாள்.

"ராத்திரி முச்சூடும் வரலீங்கக்கா. காலைல இங்க வந்து பாத்தா, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, ஏனுங்க யாரு வேணும்னு என்னையவே கேக்கறாரு. பாப்பாவக் காட்டறேன், நல்லா இருக்குதே கொழந்த, யாருதுன்னு கேக்கறாரு."

வசந்தாமணியின் கை நெற்றிப் பொட்டுக்குப் போனது.

"உங்க பேரச் சொல்லிட்டே இருக்காருங்க. நீங்க அப்படிப்பட்டவங்க இல்லன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு." ரேணுகா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "உங்க வீட்டுக்காரரு தவறிட்டாருன்னும் சொன்னாரு. எம்புருசன் உசுரோட இருக்காருங்கக்கா. எனக்கு அவரக் குடுத்துருங்க."

அந்தச் சொல் வசந்தாமணியை அறைந்தது. அவள் நேராக ஆறுச்சாமியிடம் போனாள்.

"சார், கௌரிசங்கருக்கு வேற நம்பர் போட்டுக் குடுங்க."

"கோயமுத்தூர்ல கேட்டுட்டனுங்கம்மா. அறுநூத்திப் பன்னெண்டுக்கு மேல ஒரு நம்பர் தர மாட்டேன்னுட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒரு நம்பருக்கு ஒரு ஆளுங்க. ரெண்டுல எத மூடறதுன்னு நீங்களே பாத்துக்குங்க. புது ஆள மூடுனீங்கன்னா அந்தப் பையன் கதி என்னன்னு எனக்குத் தெரியாது. உசுரோட இருக்கறவன மூடுனா என்ன ஆவும்னு இந்த மில்லுல யாரும் பாத்ததில்ல."

அவளுக்கு அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் அது பொய். கௌரிசங்கரை மூடிவிட்டால் ரேணுகா தன் விதியைத் தானே பார்த்துக்கொள்வாள், தன் புருஷன் தன்னோடு இருப்பார், ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை. ஐ.டி. செக்‌ஷனுக்கு நடந்து போகும் அந்த எண்பதடி தூரம் முழுக்க அவள் அதைத்தான் நினைத்தாள். ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. ரேணுகா வெயிலில் நின்றபடி முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி உட்கார்ந்து பழைய 417-ஐத் திறந்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்டது: ராஜினாமா, ஓய்வு, மாறுதல், மரணம். மரணம் என்பதை அழுத்தினாள். தேதி கேட்டது, ஆடி மாதத்துத் தேதியைப் போட்டாள். 'அடுத்த சரிபார்ப்பில் நடைமுறைக்கு வரும்' என்றது. மணி பதினொன்று ஏழு. அடுத்த சரிபார்ப்பு பதினொன்றரைக்கு.

பன்னிரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பழைய 417 மூடிய பிறகு அவள் அழித்த கௌரிசங்கரின் குறிப்பு இந்த முறை திரும்பி வரவில்லை, அவர் தூங்கி எழுந்தவர் மாதிரி கேட்டுக்கு வந்து, "நீ எதுக்குப் பாப்பாவத் தூக்கிட்டு வெயில்ல வந்தே?" என்று பெண்டாட்டியைத் திட்டினார், ரேணுகா ரோட்டென்றும் பாராமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது அவர்கள் கதை. நம்முடைய கதைக்கு இன்னும் இருபத்து மூன்று நிமிஷம் இருக்கிறது.

பதினொன்று பத்துக்கு நாச்சிமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். அதில் நம்பரும் தேதியும் காரணமும்தான் இருந்தன.

"அடடா. யாரு வசந்தி போனது?"

"உங்களுக்குத் தெரிஞ்சவருதானுங்க."

"என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"சாகற வயசா அது? எப்படியாம்?"

"தாராபுரம் ரோட்டுல. ஸ்கூட்டர்ல வந்துட்டிருந்தாருங்க."

அவர் நாக்கைத் தட்டி 'ச்சு' என்றார். "வீட்ல யாரு இருக்காங்க?"

"சம்சாரம் மட்டுந்தானுங்க. கொழந்தைங்க இல்ல."

"பாவம் அந்த அம்மிணி. ஒண்டியா என்ன பண்ணும்?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மில்லுல இருந்து எல்லாரும் போய்த் துக்கம் கேட்டாங்களா?"

"எல்லாரும் கேட்டாங்க. நீங்கதான் இன்னும் கேக்கலீங்க."

நாச்சிமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆயிரத்து இருபத்துநாலு எழுத்துக்குள் இல்லாத எதையோ அவர் தேடியது மாதிரி இருந்தது, கிடைத்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தில் பதினொன்று இருபத்தெட்டு. அவர் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சாவு வீடுகளில் ஆண்கள் செய்வது போல இரண்டு கையையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார். அவள் தன் இரண்டு கையையும் அதில் வைத்தாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை. அப்படியே கொஞ்சம் நின்றுவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே நடந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. நாச்சிமுத்து சொல்லவில்லை.